நாலாம் அறைக் கதவில் ஒட்டிய லேபிள்

காலியாக விட்டுவைத்திருந்த லேபிளில் யாரோ எழுதியிருந்தார்கள்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை. மணி ஒன்றரை தாண்டிவிட்டது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் தொழிற்சாலையை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். பிறகு திங்கட்கிழமை காலைதான் திறப்பு. கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி அறையில் அவளுடைய ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருப்பாள். அரை நாள் பள்ளி முடிந்ததும் வேன்காரர் இங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவார். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குப் பிள்ளை, பிள்ளைக்கு அம்மா, அவ்வளவுதான் குடும்பம். இரண்டு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் தாமதமானாலும் அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கமாட்டாள். அதனால் இந்த ஒரு டிரம்முக்கு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று மூச்சு வாங்க நாலாம் அறைக்கு வந்தவள், குனிந்து பார்த்துவிட்டு, "யாருடா இது, வேலையத்தவன்?" என்று வாய்விட்டே கேட்டாள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் லேபிள் அக்கா. சும்மா வந்த பெயர் இல்லை. அங்கே பாட்டில், கேன், டிரம், குழாய், அலமாரி, அறைக் கதவு என்று எதற்கும் லேபிள் இல்லாமல் இருக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, அது என்ன செய்யும், என்றைக்கு ஊற்றியது, எல்லாம் எழுதி அடியில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பொருளை யாரும் தொடலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக், லேபிள் இல்லாத கேனில் இருந்ததைத் தண்ணீர் என்று நினைத்து முகம் கழுவி ஒரு கண்ணைப் பறிகொடுத்தான். அன்றிலிருந்து அவள் பேயாட்டம் ஆடித்தான் எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்தாள். "உங்க கண்ணு என்ன சொன்னாலும் சரி, மூக்கு என்ன சொன்னாலும் சரி, லேபிள் என்ன சொல்லுதோ அதுதான்" என்று மாதம் ஒரு தடவை எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லவைப்பாள். கேலி செய்துகொண்டே சொன்னார்கள். நாளாக நாளாகக் கேலி போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது.

அவ்வளவு கறாரான மனுஷி ஒரு காரியம் செய்துவந்தாள். இரவு ஷிப்டில் அவள் இருக்கமாட்டாள், ஆனால் அவள் கையெழுத்து வேண்டும். அதற்காக ஐம்பது வெற்று லேபிள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்துவிடுவாள்; வேண்டியவர்கள் எடுத்து எழுதிக்கொள்ளலாம். மேனேஜருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

இந்த நீல டிரம் செவ்வாய்க்கிழமை ஒரு லோடுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. பில்லில் இல்லை. லேபிளும் இல்லை. லாரி போன பிறகுதான் கவனித்தார்கள். பெயர் தெரியாத பொருளுக்குச் சிவப்பு லேபிள் ஒட்டி, தனியே வைத்து, மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பது விதி. மேனேஜர் கையைப் பிசைந்தார். "திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன் வருதும்மா. செவப்பு லேபிளைப் பாத்தா அதைத்தான் நோண்டுவாங்க. லேப்ல இருந்து பேரு வரட்டும், அதுவரைக்கும் ஏதாவது ஒண்ணை ஒட்டி வையேன்." அவள் அந்தக் கையெழுத்து லேபிள் கட்டிலிருந்து ஒரு வெள்ளை லேபிளை உருவி ஒட்டினாள். மேலே எல்லா வரியும் காலி. அடியில் அவள் கையெழுத்து மட்டும்.

அது நாலு நாளாக மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு ஒரு மணிக்குப் பரிசோதனை லேப்பிலிருந்து போன். "அக்கா, நீங்க அனுப்புன பாட்டில்ல ஒண்ணுமே இல்லக்கா. சீல் அப்படியே இருந்துச்சு, மூடியும் டைட்டாத்தான் இருந்துச்சு. உள்ள காலி." அவள்தான் தன் கையாலேயே டிரம்மிலிருந்து பாட்டிலை நிரப்பி அனுப்பியவள். போதும்டா சாமி, மேனேஜர் கத்தினால் கத்தட்டும் என்று சிவப்பு லேபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டாள். தீப்பற்றும் பொருள் உள்ள அறைக்குள் போன் கூடாது. கனத்த இரும்புக் கதவைத் திறந்து சுவரிலிருந்த கொக்கியில் மாட்டினாள். ஆள் உள்ளே இருக்கும்போது கதவு கொக்கியில் நிற்க வேண்டும், அதுவும் விதி.

இப்போது டிரம்மின் முன்னால் குனிந்து நின்றாள். லேபிளில் முதல் வரி, பொருளின் பெயர். அங்கே நீல மையில் அவளுடைய பெயர் எழுதியிருந்தது. இனிஷியலோடு.

எடை என்ற இடத்தில் அறுபத்தொரு கிலோ.

"வம்பா!" என்று பல்லைக் கடித்தாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் வம்பன். யாரையாவது சீண்டாமல் அவனுக்கு ஒரு வேளைச் சோறு இறங்காது. வியாழக்கிழமை டிரம் எடை போடும் மேடையில் அவள் விளையாட்டாக ஏறி நின்றபோது, "அறுபத்தொண்ணு! அக்கா, உங்களுக்கும் ஒரு லேபிள் ஒட்டிடட்டுமா?" என்று சிரித்தவன் அவன்தான். கட்டிலிருந்த லேபிள் எல்லோருக்கும் எட்டும், பேனாவும் எட்டும். திங்கட்கிழமை வரட்டும், அவன் காதைத் திருகி, இந்த அறை முழுக்கக் கூட்ட வைக்கிறேன் என்று நினைத்தபடியே அடுத்த வரியைப் படித்தாள்.

தயாரான தேதி. அவள் பிறந்த தேதி. அது வம்பனுக்குத் தெரியாது. ரேஷன் அட்டையில், பள்ளிச் சான்றிதழில் இருப்பதுகூட இல்லை. அவற்றில் பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா மாற்றிச் சொன்ன தேதிதான் இருக்கிறது. இது நிஜத் தேதி. வீட்டில் அப்பா, அம்மா, அவள் மூவர் மட்டும் அறிந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று.

கையெழுத்தையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வம்பன் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். இது அவளுடைய எழுத்து. கொம்புகளை மேலே இழுத்து, புள்ளியைக் கொஞ்சம் வலப்பக்கமாக வைக்கும் அதே எழுத்து.

கடைசி வரி, திறந்த நேரம். 1.20.

அறை அமைதியாக இருந்தது. சுவரில் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனின் கரகரப்பும், பின்னால் அடுக்கியிருந்த கேன்களில் ஒன்று சூட்டுக்கு 'டப்' என்று உப்பி அடங்கும் சத்தமும், அவள் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லை. தின்னர் வாசனை, துருப்பிடித்த இரும்பின் வாசனை, பழைய மரப் பலகையின் வாசனை எல்லாம் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கு நடுவில், இந்த அறைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வாசனை மெல்லியதாக வந்தது. அவளுக்குப் பழக்கமான வாசனைதான், ஆனால் எங்கே முகர்ந்தது என்று பிடிபடவில்லை. டிரம்மின் மூடியைப் பார்த்தாள். அதைச் சுற்றி இறுக்கியிருந்த வளையம் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது.

ஓடியிருக்கலாம். ஆனால் பொறுப்பு என்று ஒன்று ஊறிப்போன ஆள். திறந்து கிடக்கும் டிரம்மை விட்டுவிட்டு எப்படிப் போவது? கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மூடியைத் தள்ளினாள். வாசனை குப்பென்று வந்தது. அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். அவள் சோப்பு. அலுமினியக் கொடியில் காய்ந்த அவள் புடவை. காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வருமே, அந்த வாசனை. உள்ளே காலி. அடியில் மட்டும் பூசினாற்போல மெல்லிய ஈரம். அந்த ஈரத்தில் இரண்டு இடம் ஈரம் படாமல் காய்ந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில். குதிகால், பெருவிரல், மற்ற நாலு விரல்.

மூடியை விட்டுக் கையை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் பின்னால் கொக்கி கழன்றது.

காற்றுக்கு அது கழலாது. தூக்கி எடுக்க வேண்டும். திரும்புவதற்குள் கதவு சாவகாசமாக, தன் கனத்தோடு வந்து சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"யாரு? ஏய், உள்ள ஆள் இருக்கேன்!"

ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினாள். அது லொடலொடவென்று சும்மா சுற்றியது. உள்பக்கக் கைப்பிடி கெட்டுப்போய் இரண்டு மாதம் ஆகிறது. கைப்பிடிக்கு மேலேயே "பழுது. கதவைக் கொக்கியில் மாட்டாமல் உள்ளே வராதீர்கள்" என்று லேபிள் இருந்தது. எழுதி ஒட்டியதும் அவள்தான். எழுதி ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்தவளும் அவள்தான்.

பதிலுக்கு வேறொரு சத்தம் வந்தது. கதவின் வெளிப்பக்கத்தில், அவள் தலை உயரத்தில், ஒரு தாளை உள்ளங்கையால் தேய்க்கும் சத்தம். நடுவிலிருந்து வலப்பக்கமாக ஒரு தேய்ப்பு. நடுவிலிருந்து இடப்பக்கமாக ஒன்று. மேலிருந்து கீழே ஒன்று. பிறகு விரல் முட்டியால் நாலு மூலையிலும் நாலு தட்டு. டொக், டொக், டொக், டொக்.

அப்படி ஒட்டினால் காற்றுக் குமிழ் விழாது, மூலை கிளம்பாது. அவளாகக் கண்டுபிடித்த முறை அது. எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் அந்த நாலு தட்டு மட்டும் வேறு யாருக்கும் வரவில்லை.

கதவில் கண் உயரத்துக்குக் கம்பி வலை பதித்த கண்ணாடி உண்டு, ஒரு நோட்டுப் புத்தக அளவுக்கு. இப்போது அதன் மேல் பாதியை வெளியிலிருந்து ஒரு லேபிள் மறைத்திருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் பட, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. கீழ்ப்பாதி வழியே நடைபாதையின் பச்சைத் தரை, எதிர்ச் சுவர், கூரைக் கண்ணாடியிலிருந்து விழும் மதிய வெயில். ஆள் யாரும் இல்லை.

தட்டினாள். உதைத்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். மணி ஒன்று நாற்பத்தாறு. பயத்தைவிட முதலில் கோபம்தான் வந்தது, அதற்கப்புறம் அந்த நினைப்பு வந்தது: குட்டி கேட்டில் தனியாக இருக்கிறாள். நான் போகாவிட்டால் அவளை யார் கூட்டிப்போவது? அந்த நினைப்பு வந்ததும் கோபம் ஓடிப்போய்விட்டது.

தூரத்தில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் பீப் சத்தம் கேட்டது. அப்பாடா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வம்பா, நல்லா இருப்படா நீ, உன்னைத் திட்டினதுக்கெல்லாம் உன் காலில் விழுகிறேன்.

"வம்பா! நாலாம் ரூம்! கதவைத் திறப்பா!"

வண்டி நின்றது. காலடி வந்தது. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் அவனுடைய சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. அவன் நின்று லேபிளைப் படித்தான். பழக்கம். எந்தக் கதவாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கை வைப்பான். அப்படித்தான் அவள் பழக்கியிருந்தாள்.

கை தாழ்ப்பாளுக்கு வரவில்லை.

"வம்பா, நான்தாம்ப்பா. சீக்கிரம்."

"அக்கா..." அவன் குரலில் கேலி இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலைக் கேலி இல்லாமல் அவள் கேட்டதில்லை. "அக்கா, உள்ள இருந்து உங்க குரல்லயே கூப்பிடுதுக்கா."

யாரிடம் பேசுகிறான்?

"லேபிள்ல என்ன போட்டிருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். நிதானமான குரல். மாதம் ஒரு தடவை எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்கும் குரல். அவளுடைய குரல்.

டேப்பில் பதிந்த நம் குரலைக் கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்குமே, யாரோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு. கண்ணாடியில் கன்னத்தை அழுத்திப் பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு புடவை முந்தானை மட்டும் தெரிந்தது. அதே புடவை. குனிந்து தன் மேல் இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பெயர் தெரியாத பொருள். தெரிஞ்சவங்க குரல்ல கூப்பிடும். திறக்கக் கூடாது." வம்பன் படித்தான். எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. "கீழ உங்க கையெழுத்து."

"அப்புறம் என்ன?"

"இல்லக்கா, அப்படியே நீங்க பேசுற மாதிரியே..."

"உன் காது என்ன சொன்னா என்னப்பா? லேபிள் என்ன சொல்லுது?"

"டேய், அது நான் இல்லடா! அதை நம்பாத! இங்க பாரு, இங்க என் மூஞ்சியப் பாரு!" கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். அவன் பொத்தான்கள் ஓரடி பின்னால் போயின.

யோசி. யோசி. இடுப்புப் பையில் பேனா இருந்தது, லேபிள் கட்டும் இருந்தது. ஒன்றை உருவி, தரையில் வைத்து எழுதினாள்: "உள்ளே இருப்பது நான். வெளியே நிற்பது நான் இல்லை. கதவைத் திற." அடியில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கதவுக்கு அடியில் இருந்த விரற்கடை இடைவெளியில் அதைத் தள்ளினாள்.

"அக்கா! ஒரு லேபிள் வெளிய வருது! உங்க கையெழுத்துப் போட்டு..."

"தொடாத." குரல் உயரவே இல்லை. "என் கையெழுத்துப் போட்ட வெத்து லேபிள் ஊரெல்லாம் கிடக்கு. கட்டுக் கட்டா நானே போட்டு வெச்சதுதான். யார் வேணா எடுத்து எதை வேணா எழுதலாம்ப்பா. உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

முழங்காலில் இருந்தபடியே தலையைத் தரையோடு சாய்த்து அவள் அந்த இடைவெளி வழியே பார்த்தாள். வம்பனின் ஷூ தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, செருப்பில்லாத இரண்டு பாதங்கள். அவளுடைய பாதங்கள். அந்தப் பாதங்களைச் சுற்றித் தரையில் மெல்லிய ஈரம்.

"சங்கு ஊதப் போகுது. நீ கிளம்பு. நான் பூட்டிட்டு வரேன்."

"சரிக்கா." ஷூ திரும்பியது. இரண்டடி வைத்து நின்றது. "பாவமா இருக்குக்கா. அழுவுது."

"அழட்டும்."

காலடி போய்விட்டது. வண்டிச் சத்தமும் போய்விட்டது.

அவள் அலமாரிகளுக்கு நடுவில் ஓடினாள். வேறு வழி ஏது? நாலு சுவர். மேலே ஃபேன். அதற்கு ஏணி வேண்டும், ஏணி வெளியே. ஒரு காலி டிரம்மை உருட்டிவந்து கதவில் மோதினாள். இரும்பில் இரும்பு மோதி அறையே அதிர்ந்தது, கதவு அசையவில்லை. அவசர மணி? அது வெளியில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில். ஃபேன் சுவிட்சும் அங்கேதான். எல்லாமே வெளியில். உள்ளே மாட்டிக்கொள்ளப்போவது ஒரு மனுஷி என்று இந்த அறையைக் கட்டியவன் நினைக்கவே இல்லை.

ஃபேன் நின்றது.

அதன் இறக்கைகள் ஓய்ந்து, ஓய்ந்து, கடைசிச் சுற்றில் முனகி நின்றன. தின்னர் வாசனை தொண்டையில் ஏறியது. திங்கட்கிழமை காலைவரை. ஃபேன் இல்லாமல். தலையைச் சுற்றுகிறதே, இப்போதே. திங்கட்கிழமை இதே கதவைத் திறந்தாலும், திறப்பதற்கு முன்னால் லேபிளைப் படிப்பார்களே.

சங்கு ஊதியது.

நீளமாக. அது ஓயும்போது அறை விளக்கும் அணைந்தது. மெயினை இறக்கிவிட்டார்கள். இருட்டில் கண்ணாடியின் கீழ்ப்பாதி மட்டும் வெளிச்சமாக நின்றது. அங்கே போய் ஒட்டிக்கொண்டாள். மேல்பாதியில், லேபிளின் பின்பக்கத்தில், ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தாள். ஒரு பேனா முனை தாளை அழுத்தி நகர்ந்துகொண்டிருந்தது. இடவலம் மாறிய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. ஒரு வரி. இன்னொரு வரி. யாரோ வெளியில் நின்று, அவசரமே இல்லாமல், லேபிளில் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிக்க முடியவில்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை.

அப்புறம் ஷூ சத்தம். சின்ன ஷூ. துள்ளித் துள்ளி வரும் சத்தம்.

வேண்டாம். அவளை வேண்டாம். கடவுளே, அவளை மட்டும் வேண்டாம்.

"அம்மா! ரெண்டு மணி ஆயிடுச்சு, எவ்ளோ நேரமா தேடுறேன்! செக்யூரிட்டி அங்கிள் நீ இங்கதான் இருப்பேன்னு சொன்னாரு!"

"வா குட்டி. ஒரு வேலை பாக்கி இருந்துச்சு, முடிஞ்சிடுச்சு."

"குட்டி!" கதவை அறைந்தாள். "குட்டி, கிட்டப் போகாதே! அது அம்மா இல்ல! ஓடு! கேட்டுக்கு ஓடு!"

துள்ளல் நின்றது.

"அம்மா, உள்ள யாரு?"

"நீதான் நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே. தூக்குறேன், நீயே படிச்சுப் பாரு."

கண்ணாடியில் முதலில் இரண்டு பின்னல்கள் எழும்பின. பிறகு நெற்றி. பிறகு கண்கள். அக்குளில் யாரோ பிடித்துத் தூக்கியிருக்க, பிள்ளையின் முகம் அவள் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. நடுவில் கண்ணாடி. மூச்சு பட்டுக் கண்ணாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பனித்தது. அவள் கையால் வேகமாகத் துடைத்தாள்.

"குட்டிம்மா. என்னைப் பாரு. நான்தான்டா."

பிள்ளை பார்த்தது. கண் அகலமாக விரிந்தது. "அம்மா மாதிரியே இருக்கு" என்று மெதுவாகச் சொன்னது, பின்னால் இருந்தவளிடம்.

"லேபிளைப் படி."

பிள்ளை நிமிர்ந்து, விரலை வைத்து, பள்ளியில் பாடம் வாசிக்கும் குரலில் வாசித்தது. "உள்ளே... இருப்பதற்கு... பெயர் இல்லை. பார்க்க அம்மாவைப் போல இருக்கும். அம்மா குரலில் அழும்."

"நேத்து ராத்திரி!" அவளுக்கு வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "நேத்து ராத்திரி போர்வைக்குள்ள நீ என்கிட்ட என்ன சொன்னே? அப்பா மூஞ்சி மறந்துபோச்சுன்னு சொன்னே இல்ல? போட்டோ பாத்தாத்தான் ஞாபகம் வருதுன்னு சொல்லி அழுதே இல்ல? யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னே. நான் யாருகிட்டயும் சொல்லலடா. அது அம்மாவுக்கு மட்டும்தானே தெரியும்?"

பிள்ளையின் உதடு நடுங்கியது. கண்ணில் நீர் கட்டியது. ஒரு கை தானாக எழுந்து கண்ணாடியில் வந்து ஒட்டியது, ஐந்து விரலும் விரிந்து. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

"அடுத்த வரியைப் படி, குட்டி."

பிள்ளை மூக்கை உறிஞ்சியது. நிமிர்ந்து பார்த்தது.

"உனக்கும்... அம்மாவுக்கும் மட்டும் தெரிந்ததை... எல்லாம் சொல்லும். நம்பக் கூடாது."

கை கண்ணாடியை விட்டுப் போனது.

"குட்டி."

முகம் கீழே இறங்கியது. கண்கள், நெற்றி, பின்னல்கள்.

"குட்டி! குட்டி!"

சின்ன ஷூ சத்தமும், அதன் பக்கத்தில் செருப்பில்லாத பாதம் ஈரமாகத் தரையை விட்டுப் பிரியும் சத்தமும் நடைபாதையில் விலகின. தூரம் போகப் போகத்தான் அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்குள் முழுசாக வந்தார்கள். முதுகு தெரிந்தது. அவளுடைய முதுகு, அவளுடைய கொண்டை, அவளுடைய லேசாகச் சாய்ந்த நடை. பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு பிள்ளை. கையைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அது பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பிடித்த இரண்டு கைக்கும் நடுவிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த இடத்தில் தரையின் பச்சைப் பெயின்ட் கொப்புளித்து, சின்னதாகப் புகைந்தது. நாலடி தள்ளி இன்னொரு சொட்டு. இன்னொன்று. வெயில் விழும் நடைபாதை முழுவதும் கோடு போட்டாற்போலப் புகை எழும்ப, பிள்ளை கூச்சத்தில் தோளைக் குறுக்கி, வலியே தெரியாமல், சிரித்துக்கொண்டே நடந்துபோனது.